மாண்புமிகுவை ஊதச் சொல்வது யார்?

1984 ஜூன் 14. நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் ஒரு குளிர்கால வியாழக்கிழமை. இரவு 11 மணி தாண்டிவிட்டது. நாடாளுமன்றக் கட்டடத்தில் மைக்கும் கேமராவுமாக நிருபர்கள் காத்திருக்கிறார்கள். பிரதமர் ராபர்ட் மல்டூன் வருகிறார். வாயைத் திறந்ததுமே எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. நாக்கு குழறுகிறது. சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன. பிரதமர் நல்ல போதையில் இருக்கிறார்.

அந்த நிலையில் அவர் நாட்டுக்குச் சொன்ன செய்தி இது: சரியாக இன்னும் ஒரே மாதத்தில், ஜூலை 14 அன்று, பொதுத்தேர்தல்.

தேர்தலுக்குத் தயாராக இந்த அவகாசம் போதுமா என்று ஒரு நிருபர் கேட்டார். எதிராளிகளுக்கும்தான் அவகாசம் இருக்காது என்று பதில் வந்தது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. இன்றும் அந்நாட்டு அரசியல் பற்றிய ஆவணப்படம் எது வந்தாலும் அதில் இந்தச் சில நொடிகள் இருக்கும். திடீர்த் தேர்தலை ஆங்கிலத்தில் 'ஸ்நாப் எலெக்‌ஷன்' என்பார்கள். நியூசிலாந்துக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஸ்நாப்ஸ் எலெக்‌ஷன்'. ஸ்நாப்ஸ் என்பது ஒரு சாராய வகை.

பஸ் டிரைவரை நிறுத்தி வாயை ஊதச் சொல்கிறோம். ரயில் ஓட்டுநர் கையெழுத்துப் போட்டு வேலைக்கு வருவதற்குள் ஊத வேண்டும். விமானிக்கு இன்னும் கெடுபிடி. ஒரு நாட்டையே ஓட்டுகிறவர் வேலை நேரத்தில் குடிக்கலாமா? குடித்திருந்தால் யார் நிறுத்துவது? குடியை ஒழுக்கக் கேள்வியாக்கி உபதேசம் செய்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. வேலை நேரம், வேலை, அதன் விளைவு: இவை மட்டும்தான் இங்கே கணக்கு.

ஒரு ராத்திரியின் விலை

அன்றிரவு நடந்தது என்ன? மல்டூனின் தேசியக் கட்சிக்கு அவையில் மயிரிழைப் பெரும்பான்மை. அணுசக்தி, அணு ஆயுதக் கப்பல்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்று எதிர்க்கட்சி கொண்டுவந்த மசோதாவை அவரது கட்சி எம்.பி. மெரிலின் வேரிங் ஆதரித்தார். அப்போது அவருக்கு வயது 31. கட்சிக் கூட்டத்திலிருந்து விலகுகிறேன் என்று வேரிங் சொன்னதும், மல்டூன் அவரை அறைக்கு அழைத்துத் திட்டித் தீர்த்தார். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தால் அரசைக் கவிழ்க்க மாட்டேன் என்பதே வேரிங்கின் நிலை. ஆட்சி அன்றிரவே விழப் போவதில்லை. ஒரு தூக்கம் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் யோசித்திருக்கலாம். மல்டூன் காத்திருக்கவில்லை. கவர்னர் ஜெனரல் டேவிட் பீட்டியின் ஒப்புதல் அன்றிரவே வாங்கப்பட்டது.

அடுத்த நாளிலிருந்து விளைவுகள் வரத் தொடங்கின. எதிர்க்கட்சியான தொழிற்கட்சி ஜெயிக்கும், ஜெயித்தால் நியூசிலாந்து டாலரின் மதிப்பைக் குறைக்கும் என்று பணக்காரர்களும் நிறுவனங்களும் கணக்குப் போட்டார்கள். உள்ளூர்ப் பணத்தைக் கொடுத்து வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக் குவித்தார்கள். மத்திய வங்கியின் கையிருப்பு கரைந்தது. நிதியமைச்சர் பொறுப்பையும் மல்டூனே வைத்திருந்தார். மதிப்பைக் குறைக்க மறுத்தார். தேர்தல் முடிந்தது. டேவிட் லாங்கி தலைமையில் தொழிற்கட்சி 95 இடங்களில் 56 இடங்களைப் பிடித்தது. மறுநாள் அந்நியச் செலாவணிச் சந்தையையே மூடும்படி ஆனது. புதிய அரசு பதவியேற்கச் சில நாட்கள் இருந்தன. தோற்ற பிரதமரோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஜெயித்தவர்கள் சொல்வதைச் செய்ய மாட்டேன் என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கிய பிறகுதான் இறங்கி வந்தார். நாணயத்தின் மதிப்பு ஒரே அடியில் 20 சதவீதம் குறைக்கப்பட்டது.

ஆட்சி கைமாறும் இடைவெளியில் இப்படி ஒரு சிக்கல் இனி வரக் கூடாது என்ற கவலையும் சேர்ந்துதான் 1986-ல் அந்நாடு தனது அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. மல்டூனைக் கோபப்படுத்திய அந்த அணு எதிர்ப்பு 1987-ல் சட்டமாகவே வந்துவிட்டது.

மல்டூனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இறுதிக்குள் எப்படியும் தேர்தல் வந்திருக்கும். அவர் தோற்கும் நிலையில்தான் இருந்தார். குடிக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேர்தல் தேதியைத் தேர்ந்தெடுப்பது ஒரு பிரதமரின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். அதை அவர் ஒரு கிளாஸோடு சேர்த்துக் கீழே வைத்துவிட்டார். சுற்றியிருந்த ஒருவராலும் அவரை அன்றிரவு வீட்டுக்கு அனுப்பிப் படுக்க வைக்க முடியவில்லை.

> பெட்டிச் செய்தி: யாருக்கு என்ன விதி?
>
> இந்தியாவில் விமானி, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மது அருந்தக் கூடாது. மூச்சுப் பரிசோதனையில் முதல் முறை சிக்கினால் உரிமம் 3 மாதம் முடக்கப்படும்.
>
> வாகன ஓட்டிக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது எல்லை. தாண்டினால் முதல் முறை ரூ.10,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
>
> மத்திய அரசு ஊழியருக்கு 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 22-வது விதி: பணியில் இருக்கும்போது போதையில் இருக்கக் கூடாது.
>
> அந்த ஊழியருக்கு உத்தரவு போடும் அமைச்சருக்கு இந்த விதி பொருந்தாது.

உரிமம் இல்லாத பார்

நாடாளுமன்றங்களின் தாய் என்று பெருமை பேசப்படும் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வருவோம். லண்டனில் ஒரு பெட்டிக்கடை பீர் விற்க வேண்டுமானாலும் உரிமம் வேண்டும். தேம்ஸ் நதிக்கரையில் உள்ள அந்தப் பெரிய கட்டடத்துக்கு மட்டும் வேண்டாம். 1934-ல் ஏ.பி.ஹெர்பர்ட் என்ற நகைச்சுவை எழுத்தாளர், உரிமம் இல்லாமல் சரக்கு விற்கிறார்கள் என்று மக்களவையின் சமையலறைக் கமிட்டி மீதே வழக்குப் போட்டார். அவை தன் உள்விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், அது அவையின் சிறப்புரிமை என்று சொல்லி நீதிமன்றம் கைகழுவிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே ஹெர்பர்ட் தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். தான் வழக்குப் போட்ட அதே பாரில் உட்காரும் உரிமை அவருக்கும் வந்தது.

அங்கே குடி வளர்ந்ததற்குக் காரணம் வெறும் கொண்டாட்ட மனநிலை மட்டுமல்ல. வாக்கெடுப்பு நள்ளிரவிலும் வரும். மணி அடித்ததும் 8 நிமிடத்துக்குள் வாக்களிக்கும் லாபிக்குள் நுழைந்தாக வேண்டும். அதுவரை என்ன செய்வது? குடும்பம் எங்கோ தொகுதியில் இருக்கிறது. வெளியே போக முடியாது. உள்ளேயே பார் இருக்கிறது. அவை நடக்கும்வரை அதுவும் திறந்திருக்கும். நம்மூரில் இரவு ஷிஃப்ட் நடக்கும் ஒரு மில்லுக்குள் முதலாளியே பார் திறந்து வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

2010 ஜூலையில் பட்ஜெட் தொடர்பான நிதி மசோதா மீது விடியற்காலை வரை வாக்கெடுப்பு நீண்டது. புதிதாக ஜெயித்து வந்த மார்க் ரெக்லெஸ் என்ற எம்.பி. ஓட்டுப் போடவில்லை. பெயருக்கே பொறுப்பற்றவர் என்றுதான் பொருள், பத்திரிகைகள் விடுமா? அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்: குடித்திருந்தேன், அந்த நிலையில் ஓட்டுப் போடுவது சரியில்லை என்று பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ இந்தக் கட்டுரையில் வரும் ஆட்களில் தன்னைத் தானே ஊதிப் பார்த்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று தோன்றுகிறது.

இன்னொரு சம்பவத்தின் வால் மிக நீளம். 2012 பிப்ரவரியில், மக்களவையின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் பார்' என்ற மதுக்கூடத்தில் தொழிற்கட்சி எம்.பி. எரிக் ஜாய்ஸ் போதையில் மற்ற எம்.பி.க்கள் மீது பாய்ந்தார். ஒருவரை மண்டையால் முட்டினார். வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3,000 பவுண்டு அபராதம், 3 மாதம் மதுக்கூடங்களுக்குள் நுழையத் தடை. அடுத்த தேர்தலில் நிற்க மாட்டேன் என்றார். அவரது ஃபால்கிர்க் தொகுதிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் தொழிற்சங்கம் ஆள் சேர்த்து முறைகேடு செய்ததாகக் கட்சிக்குள் பெரும் சண்டை வந்தது. அதைத் தீர்க்கப் போன தலைவர் எட் மிலிபேண்ட், கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றினார். 3 பவுண்டு கட்டினால் ஆதரவாளராகப் பதிந்து ஓட்டுப் போடலாம் என்று வந்தது. 2015-ல் அந்தப் புது முறையில்தான் ஜெரமி கார்பின் 59.5 சதவீத ஓட்டுடன் தலைவரானார். கார்பினின் வெற்றிக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனாலும் ஒரு பாரில் விழுந்த முட்டு, ஒரு பெரிய கட்சியின் கதவுவரை போய் இடித்தது என்பது மட்டும் நிஜம்.

2022-ல் நடந்ததை இன்னும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா ஊரடங்கில் பிரதமர் அலுவலகத்திலேயே மது விருந்துகள் நடந்தது வெளிவந்திருந்தது. விசாரித்த போலீஸ் மொத்தம் 126 அபராத நோட்டீஸ்கள் கொடுத்தது. பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கும் ஒன்று. அதையும் தாண்டி வந்தார் ஜான்சன். ஜூன் கடைசியில் அவரது துணைக் கொறடா கிறிஸ் பின்ச்சர் ஒரு கிளப்பில் அளவு மீறிக் குடித்து, ஆண்கள் இருவரிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் எழுந்தது. அளவுக்கு மேல் குடித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துப் பதவி விலகினார் பின்ச்சர். அவரைப் பற்றி ஏற்கனவே தெரியுமா தெரியாதா என்பதில் பிரதமர் அலுவலகம் மாற்றி மாற்றிப் பேசியது. அமைச்சர்கள் வரிசையாக ராஜினாமா செய்தார்கள். ஜூலை 7 அன்று ஜான்சனும் பதவி விலகுவதாக அறிவித்தார். குடித்தவர் ஒருவர், மறைத்தவர்கள் பலர். ஆட்சியைக் கவிழ்த்தது இரண்டாவது கூட்டம்.

> பெட்டிச் செய்தி: பட்ஜெட் கிளாஸ்
>
> பிரிட்டன் மக்களவையின் விவாதக் கூடத்துக்குள் யாரும் மது அருந்தக் கூடாது. ஒரே விதிவிலக்கு, பட்ஜெட் வாசிக்கும் நிதியமைச்சர். 19-ம் நூற்றாண்டில் கிளாட்ஸ்டன் ஷெர்ரியில் முட்டை அடித்துக் குடித்தார். டிஸ்ரேலிக்குத் தண்ணீர் கலந்த பிராந்தி. 1980-களில் ஜெஃப்ரி ஹவ் ஜின், 1990-களில் கென் கிளார்க் விஸ்கி. பிறகு வந்த கார்டன் பிரவுன் தண்ணீருக்கு மாறினார். விலையேற்றத்தை அறிவிக்கும்போது தொண்டை வறளும் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

சொன்னவர் மீதே குற்றம்

1983 ஜூலை 20. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் தருவது பற்றிய விதிமுறைகளை, இரவு நேரத்தில் அவையில் முன்வைக்கிறார் இளைய அமைச்சர் ஆலன் கிளார்க். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த உரை. அதை வாய்க்கு வந்த வேகத்தில், கேலியான தொனியில், பத்திகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கிறார். ஒரு மாதத்துக்கு முன்புதான் எம்.பி. ஆகியிருந்த கிளேர் ஷார்ட் எழுந்தார். சக உறுப்பினர் குடித்திருக்கிறார் என்று சொல்ல அவை மரபு அனுமதிக்காது என்று படித்திருக்கிறேன், ஆனால் இவர் இந்த வேலையைச் செய்யும் நிலையில் இல்லை என்று நினைக்கிறேன் என்றார்.

அவையில் கொந்தளிப்பு. யார் மீது? ஷார்ட் மீது. சொன்னதைத் திரும்பப் பெறு என்று ஆளுங்கட்சி வரிசை கத்தியது. அமைச்சரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 1993-ல் கிளார்க்கின் நாட்குறிப்புகள் புத்தகமாக வந்தன. அன்று மாலை உயர்ரக ஒயின்களைச் சுவைத்துப் பார்க்கும் விருந்துக்குப் போய்விட்டு அவைக்கு வந்ததை அவரே அதில் எழுதியிருந்தார். கேலி கலந்த பெருமையோடுதான். ஷார்ட் சொன்னது உண்மை என்று ஆக பத்தாண்டு ஆயிற்று. இதற்குள் கிளார்க் இன்னும் உயர்ந்த பதவிகளையும் பார்த்துவிட்டார்.

அவை மரபு என்பது இங்கே யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். அன்று விவாதத்தில் இருந்தது லட்சக்கணக்கான பெண்களின் சம்பளம். அதைப் படித்தவரின் மானம் அதைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

"அவர் இப்போது பேச முடியாது"

சுற்றியிருப்பவர்கள் துணிந்து தடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1973 அக்டோபர் 11. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கி ஐந்து நாள் ஆகிறது. பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத், அமெரிக்க அதிபர் நிக்சனிடம் தொலைபேசியில் பேச விரும்புவதாகச் செய்தி வருகிறது. வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கரும் அவரது துணை அதிகாரி பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட்டும் பேசிக்கொள்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிடலாமா, நான் பேசியபோது அதிபர் நல்ல போதையில் இருந்தார் என்கிறார் கிஸ்ஸிங்கர். அதிபர் இப்போது கிடைக்க மாட்டார், காலையில் பேசலாம் என்று லண்டனுக்குச் சொல்ல முடிவாகிறது. இந்த உரையாடலின் எழுத்துப் பிரதி 2004-ல் வெளியானது.

சாமர்த்தியம்தான். மல்டூனுக்கு இப்படி ஒரு கிஸ்ஸிங்கர் இருந்திருந்தால் நியூசிலாந்தின் கதையே வேறு என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் நின்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. கிஸ்ஸிங்கரை அமெரிக்காவில் ஒரு வாக்காளரும் தேர்ந்தெடுக்கவில்லை.

இரண்டே வாரத்தில் இது முற்றியது. அக்டோபர் 24 இரவு, சோவியத் தலைவர் பிரெஷ்னெவிடமிருந்து மிரட்டல் தொனியில் கடிதம் வந்தது. வெள்ளை மாளிகையின் கீழ்த்தள அறையில் கிஸ்ஸிங்கர், பாதுகாப்பு அமைச்சர், உளவுத்துறை தலைவர், முப்படைத் தலைமைத் தளபதி, அதிபரின் தலைமை உதவியாளர் எல்லோரும் கூடினார்கள். அமெரிக்கப் படைகளின் உஷார்நிலையை உலகம் முழுவதும் உயர்த்தினார்கள். அணு ஆயுதப் படைகளும் அதில் அடக்கம். நிக்சன் மாடியில் படுத்திருந்தார். அன்று அவர் குடித்திருந்தாரா, வாட்டர்கேட் உளைச்சலில் சோர்ந்து கிடந்தாரா என்பதில் எழுதியவர்கள் வேறுபடுகிறார்கள். துணை அதிபர் ஆக்னியூ ஊழல் வழக்கில் பதவி விலகி இரண்டு வாரம். அந்த நாற்காலியும் காலி. ஆக, அணு ஆயுதத் தயார்நிலையை முடிவுசெய்த அந்த அறையில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் ஒருவர்கூட இல்லை.

குடிக்கும் தலைவரால் ஏற்படும் நஷ்டம் என்றால் உளறலையும் தள்ளாட்டத்தையும்தான் நாம் நினைக்கிறோம். அது மேலே தெரிகிற நுரை. அவர் மயங்கும் நேரத்தில் அதிகாரம் மயங்கிக் கிடப்பதில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது. செயலாளர், உதவியாளர், உறவினர், கூடவே இருக்கும் நண்பர் என்று யார் கதவருகே நிற்கிறாரோ அவர் கைக்குப் போகிறது. அந்த ஆளின் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் இருந்ததில்லை.

பக்கத்து நாற்காலி

2009 பிப்ரவரி 14, ரோம். உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம். ஜி-7 நிதியமைச்சர்கள் கூட்டம் முடிந்து, ஜப்பான் நிதியமைச்சர் ஷோயிச்சி நகாகவா பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். பேச்சு இழுக்கிறது. கண்கள் மூடிமூடித் திறக்கின்றன. கேள்வி யாருக்கு வந்தது என்பதிலேயே குழப்பம். பக்கத்து நாற்காலியில் ஜப்பான் மத்திய வங்கி ஆளுநர் உட்கார்ந்திருக்கிறார், இறுகிய முகத்துடன். அமைச்சருக்கு உடம்பு சரியில்லை, இத்துடன் முடித்துக்கொள்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

குடித்து மயங்கவில்லை, மதிய உணவில் ஒயினைச் சற்றே சுவைத்தேன், சளிக்குச் சாப்பிட்ட மாத்திரை அதிகமாகிவிட்டது என்றார் நகாகவா. பிப்ரவரி 16 அன்று ஜப்பானின் பொருளாதாரம் ஆண்டுக் கணக்கில் 12.7 சதவீத வேகத்தில் சுருங்கியதாக அரசுப் புள்ளிவிவரம் வந்தது. 17 அன்று அவர் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் சொந்தத் தொகுதியில் தோற்றார். அக்டோபரில் டோக்கியோ வீட்டில் இறந்து கிடந்தார். வயது 56.

சர்ச்சில் குடிக்கவில்லையா?

இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் ஒருவர் எழுந்து கேட்பார்: சர்ச்சில் காலையிலேயே விஸ்கி கிளாஸைத் தொட்டவர், அவர்தானே போரை ஜெயித்தார்? ஹிட்லர் குடிக்காதவர் அல்லவா?

சர்ச்சில் குடித்தார், மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தபோது நியூயார்க்கில் கார் மோதி அடிபட்டவர், உணவு வேளைகளில் மது அவசியம் என்று டாக்டரிடம் சீட்டே எழுதி வாங்கினார். ஆனால் அவரது பகல் நேர விஸ்கி பெரும்பாலும் சோடாவுக்குள் தேடிப்பிடிக்க வேண்டிய அளவு என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். முக்கியமான விஷயம் வேறு. அவருக்கு எதிரே ராணுவத் தலைமைத் தளபதி ஆலன் புரூக் உட்கார்ந்திருந்தார். 1944 ஜூலை 6 இரவுக் கூட்டத்தில் பிரதமர் குடித்துவிட்டு யார் மேலாவது பாயும் மனநிலையில் இருந்தார் என்று புரூக் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்றிரவு இருவருக்கும் கடும் வாக்குவாதம். புரூக் பின்வாங்கவில்லை, வேலையும் போகவில்லை. சர்ச்சிலை உதாரணம் காட்டுகிறவர்கள் புரூக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும். எத்தனை தலைவர்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார்?

> பெட்டிச் செய்தி: நிறுத்திக் காட்டியவர்
>
> ஆஸ்திரேலியாவின் பாப் ஹாக், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது இரண்டரை பைன்ட் பீரை 11 விநாடியில் குடித்துச் சாதனை படைத்தவர். தொழிற்சங்கத் தலைவராக இருந்தபோது மொடாக்குடி. 1980-ல், நாடாளுமன்றத்துக்குப் போகும் ஆண்டில், அடியோடு நிறுத்தினார். 1983 முதல் 1991 வரை பிரதமராக இருந்த காலம் முழுக்கத் தொடவில்லை. தொடர்ந்து நான்கு தேர்தல்களில் ஜெயித்தார்.

நோயாளிக்கு இடமில்லாத மன்றம்

எல்லோராலும் ஹாக் ஆக முடியாது. பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்தவர் சார்லஸ் கென்னடி. 2003-ல் இராக் போரைத் தெளிவாக எதிர்த்தவர். 2005-ல் கட்சிக்கு 62 இடங்கள் வாங்கிக் கொடுத்தவர். குடிநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. முக்கியமான நாட்களில் அவைக்கு வராமல் போனார். வயிற்றுக் கோளாறு என்று கட்சி சொன்னது. நெருங்கியவர்கள் பல ஆண்டுகள் மூடி மறைத்தார்கள். 2006 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி செய்தி வெளியிடப் போகிறது என்று தெரிந்த பிறகுதான், ஆமாம், சிகிச்சை எடுத்தேன் என்று கேமரா முன்னால் சொன்னார். இரண்டு நாளில் பதவி போனது. 2015-ல், 55 வயதில் இறந்தார்.

மறைத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர் மேல் பிரியம் வைத்தவர்கள். அதுதான் இதில் கொடுமை. ஒரு பஸ் டிரைவர் குடிநோயாளி என்று தெரிந்தால் டிப்போவில் வண்டியைத் தர மாட்டார்கள். அந்த அவமானத்தோடு, சிகிச்சைக்கு ஒரு வழியும் கிடைக்கலாம். கட்சித் தலைவருக்குக் கடைசிவரை வண்டியைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

மது மூளையில் முதலில் கை வைப்பது கட்டுப்பாட்டையும் தீர்மானிக்கும் திறனையும். 'எனக்கு ஒண்ணும் ஏறல' என்று சொல்கிற வாயையே நம்ப முடியாமல் போவது அதனால்தான். அப்படியானால் குடித்தவரே தன்னைக் கண்காணித்துக்கொள்ளட்டும் என்று விடுவது எந்த ஊர் நியாயம்?

நம்மூர் கணக்கு

இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கை அரசின் லட்சியமாகச் சொல்கிறது. காங்கிரஸ் கட்சியில் சேருகிறவர் மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. காந்தி காலத்து நிபந்தனை. பெரும்பாலானோர் கண்ணை மூடிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். 2023-ல் ராய்ப்பூர் மாநாட்டில் அந்த நிபந்தனையைக் கட்சி தளர்த்தியது. பொய்க் கையெழுத்தைவிட அது மேல்.

பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. 2021 நவம்பர் 26 அன்று அமைச்சர்களும் அதிகாரிகளும் குடிக்க மாட்டோம் என்று கூட்டமாக உறுதிமொழி எடுத்தார்கள். நவம்பர் 30 அன்று சட்டமன்ற வளாகத்துக்குள்ளேயே காலி மது பாட்டில்கள் கிடந்தன. எதிர்க்கட்சி கையில் லட்டு மாதிரி விழுந்த செய்தி. பஞ்சாபில் பகவந்த் மான், எம்.பி.யாக இருந்த காலத்தில் குடி பற்றிய புகார்கள் சபாநாயகர்வரை போனபின், 2019 ஜனவரியில் பர்னாலா பொதுக்கூட்டத்தில் தாயை மேடையில் வைத்துக்கொண்டு, இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். 2022-ல் முதல்வரானார். சத்தியம், உறுதிமொழி, கையெழுத்து என்று நம்மிடம் எல்லாம் இருக்கிறது. இல்லாதது, வேலை நேரத்துக்கான ஒரு சாதாரண விதி.

தமிழ்நாட்டில் இதைப் பேசுவதற்கு ஒரு கூச்சமும் உண்டு. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. விற்பவரே வாங்குபவரைப் பார்த்து ஒழுக்கம் பேசினால் கேட்கிறவன் சிரிப்பான். அதனால்தான் ஒழுக்கத்தை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுவோம் என்கிறேன்.

அவை வாசலில் ஊதுகருவியை வைத்து, எம்.எல்.ஏ.க்களை வரிசையில் நிறுத்தலாமா? கூடாது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை வாசலில் தடுக்கும் அதிகாரம் ஒரு கருவிக்கோ காவலருக்கோ போனால், நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் அது எந்த வரிசைக்கு எதிராக மட்டும் வேலை செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அரசு ஊழியருக்கு இருக்கும் அந்த ஒற்றை வரி விதி அமைச்சருக்கும் உறுப்பினருக்கும் வரட்டும். அவை நடக்கும் நேரத்தில் நாடாளுமன்றத்துக்குள் மதுக்கூடம் எந்த நாட்டிலும் வேண்டாம். விருந்து, வெளிநாட்டுத் தூதர் என்று சாக்குச் சொல்பவர்கள் அவை முடிந்தபின் கிளாஸை எடுத்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு கோப்பில் கையெழுத்து மட்டும் வேண்டாம். கிளேர் ஷார்ட் போல எழுந்து கேட்கிறவரை உட்கார வைக்காத ஓர் அவை மரபும் வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்று விடுப்பு எடுப்பதுபோல, குடிநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லி விடுப்பு எடுக்கும் தைரியத்தையும் கட்சிகள் கொடுக்க வேண்டும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135-சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம், அந்தப் பகுதியில் மது விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது என்கிறது அது. நீங்களும் நானும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் ஒரே ஒரு ஓட்டு தெளிவோடு விழ வேண்டும் என்பதற்கு 48 மணி நேரம். நாம் அனுப்பிவைத்தவர் அந்த ஐந்தாண்டும் நம் பெயரில் போடப்போகும் ஓட்டுகளுக்கு ஒரு மணி நேரம்கூட அந்தச் சட்டத்தில் இல்லை. அடுத்த முறை கும்பிட்டபடி வாசலுக்கு வருகிறவரிடம், ரோடு, குடிதண்ணீரோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.